செவ்விய எண்களின் கடைசி இலக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பகுதியில் செவ்விய எண்களைப் பற்றி (அதாவது, 6 = 1 + 2 + 3 என்பதுபோல, தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்களைப் பற்றி) வந்த குறிப்பில், அவை 6, 8 என்ற இலக்கங்களில் மாறி மாறி முடியும் என்றும், முதலாவதற்கு ஓர் இலக்கம், இரண்டாவதற்கு இரண்டு இலக்கம் என்ற கணக்கில் வளர்ந்துகொண்டே போகும் என்றும் எழுதியிருந்தீர்கள். 6, 28, 496, 8128 என்னும் நான்கோடு நிறுத்திக்கொண்டால் இரண்டும் சரியே. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் கெராசா நகரத்துக் கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸும் இந்த நான்கை வைத்துத்தான் அவ்வாறு எழுதினார். ஐந்தாவது எண் அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

அந்த எண் 3,35,50,336. ஐந்து இலக்கங்களில் வரவேண்டியது எட்டு இலக்கங்களில் வந்து நிற்கிறது. 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், கூட்டுத்தொகை பகா எண்ணாக அமையும்போது, கடைசியாகக் கூட்டிய எண்ணால் அதைப் பெருக்கினால் செவ்விய எண் கிடைக்கும் என்பது யூக்ளிட் நிறுவிய வழி. 64 வரை கூட்டினால் 127. அதிலிருந்து 8128 பிறக்கிறது. அதன்பின் 1024 வரை கூட்டினால் 2047 வருகிறது. பார்வைக்குப் பகா எண் போலத் தோன்றினாலும் அது 23 × 89. அதை நம்பி 1024-ஆல் பெருக்கியவருக்குக் கிடைக்கும் 20,96,128, தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகையைவிடச் சிறியதாகிவிடுவதால், மிகை எண் வகையில் சேர்ந்துவிடும். 4096 வரை சென்றால்தான் 8191 என்ற அடுத்த பகா எண் அமைகிறது. 8191 × 4096 நம் எண்ணைத் தருகிறது. தன்னை நீக்கிய 25 காரணிகளையும் மாணவர்கள் கையாலேயே கூட்டிப் பார்க்கலாம்: 1 முதல் 4096 வரையிலான பதின்மூன்றும் சேர்ந்து 8191, மற்ற பன்னிரண்டும் சேர்ந்து 8191-இன் 4095 மடங்கு.

இதே எண் 1 முதல் 8191 வரையிலான எண்களின் கூட்டுத்தொகை என்பதால் முக்கோண எண்ணும் ஆகும். 1 முதல் 127 வரையிலான ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே வரும். இரும முறையில் எழுதினால் பதின்மூன்று ஒன்றுகளும் பன்னிரண்டு சுழிகளும். இலக்கங்களைக் கூட்டினால் 28, அதாவது இரண்டாவது செவ்விய எண்! இது தற்செயல்தான், ஆனாலும் வகுப்பறையில் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிந்ததில்லை.

கடைசி இலக்கத்துக்கு வருகிறேன். ஐந்தாவது எண் 6-இல் முடிகிறது. ஆறாவதான 858,98,69,056-உம் 6-இலேயே முடிகிறது. ஏழாவதும் எட்டாவதும் 8-இல் முடிகின்றன. இரட்டிப்பு வரிசையில் எத்தனை எண்களைக் கூட்டினோமோ அதை 4-ஆல் வகுத்து மீதி 1 வந்தால் 6, மீதி 3 வந்தால் 8 என்பதே உண்மையான விதி. முதல் எண்ணான 6 மட்டும் இதற்கு விலக்கு. ஒற்றைப்படைச் செவ்விய எண் உண்டா என்பது இன்றும் தீராத கேள்வி என்பதால், ‘இரட்டைப்படைச் செவ்விய எண்கள் 6-இலோ 28-இலோ முடியும்’ என்று அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.