கதவின் குடுமியைக் காட்டுங்கள்

தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கு நிகழ்ச்சி தயாரிக்கும் அனைவருக்கும், காரைக்குடியிலிருந்து வணக்கம்.

எங்கள் தச்சுப் பட்டறையில் கொஞ்ச நாளாகச் சாயங்கால டீ நேரத்தில் ஒரே பேச்சுதான். அமெரிக்காவில் முன்பு ஓடிய 'தி நியூ யாங்கி வொர்க்ஷாப்' என்ற தச்சு நிகழ்ச்சியின் பழைய பகுதிகள் யூடியூபில் திரும்ப வந்திருக்கின்றன. பாஸ்டனில் இருக்கும் பொதுத் தொலைக்காட்சி நிலையம் தயாரித்தது. 1989இல் தொடங்கி 2009 வரை நடந்தது. நார்ம் ஆப்ரம் என்ற தச்சர் அரை மணி நேரத்தில் ஒரு மேசையையோ அலமாரியையோ நம் கண்முன்னே செய்து காட்டுவார். நடிகர் இல்லை, போட்டி இல்லை, அழுகை இல்லை. ஒரு மனிதர், மரம், கருவிகள், அவ்வளவுதான். பக்கத்துப் பட்டறைக்காரர்கள், பாலிஷ் போடுகிறவர்கள், ஐடிஐ படிக்கும் பையன்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். ஆங்கிலம் பாதிதான் புரிகிறது. ஆனால் பலகையை எந்தப் பக்கம் திருப்பி வைத்து அறுக்கிறார் என்பது கண்ணுக்கே தெரிகிறதே.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஆரம்பம். பல பகுதிகளில் முதலில் ஒரு பழைய பொருளிடம் போவார். அருங்காட்சியகத்திலோ பழைய வீட்டிலோ இருக்கும் அசல் அலமாரியைத் திறந்து, இழுப்பறையை உருவிக் கவிழ்த்து, அந்தக் காலத்துத் தச்சர் எப்படிச் சேர்த்திருக்கிறார் என்று பார்ப்பார். அப்புறம்தான் தன் பட்டறைக்கு வருவார். படம் பிடிப்பதற்கு முன்பே ஒன்றைச் செய்து பார்த்திருப்பதால், எங்கே தவறும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்லித்தான் வேலையைத் தொடங்குவார். இதைப் பார்த்த பிறகுதான் எங்கள் பட்டறைப் பையன்கள் மெஷின் பக்கம் போகும்போது கண்ணாடி போட ஆரம்பித்தார்கள். நான் பல வருஷம் சொல்லி நடக்காத காரியம் அது.

அப்பாவுக்குப் பிடித்தவர் வேறு ஒருவர். ராய் அண்டர்ஹில். வட கரோலினாவில் 1979இல் தொடங்கி 2017 வரை 'தி வுட்ரைட்ஸ் ஷாப்' என்ற நிகழ்ச்சியை நடத்தியவர். அவர் பட்டறையில் கரண்டுக்கே வேலை இல்லை. எல்லாம் கை ரம்பம், கை உளி, இழைப்புளி. வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாகப் படம் பிடிப்பார்களாம். அதனால் அவருக்கு மூச்சு வாங்குவதும், விரலில் கீறல் விழுவதும்கூடத் திரையில் வந்துவிடும். அப்பா ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இவன் நம்ம ஆளுடா" என்றார். அண்டர்ஹில் பெஞ்சின் முன் நின்று வேலை செய்கிறார். அப்பா தரையில் உட்கார்ந்து, காலால் சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு செய்கிறார். உளி பேசும் பேச்சு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

உங்களுக்கு நான் எழுத வந்த காரணம் இனிமேல்தான்.

செட்டிநாடு உங்கள் திரையில் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் கோழிக் குழம்பாக வருகிறது, அல்லது ட்ரோனில் எடுத்த ஓட்டு வீடாக வருகிறது. கானாடுகாத்தான் அரண்மனை, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடிக் கல். வாசல் கதவு மூன்று விநாடி வரும். "என்ன ஒரு வேலைப்பாடு!" என்று தொகுப்பாளர் வியப்பார், இசை வரும், அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். அந்த வேலைப்பாட்டை எப்படிச் செய்தார்கள் என்று இதுவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

போன வருஷம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில். ஓடு மாற்றவே முடியாத நிலை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலைக்கதவை இறக்க அப்பாவைக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். பர்மா தேக்கு, முழுக்க வைரம் பாய்ந்தது. கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் விட்டிருக்கும் குடுமி, நிலையில் குடைந்த குழியில் நின்று சுழலும். நிலைக்கு மேலே இருக்கும் சூரியப்பலகையைக் கழற்றியபோது உள்ளே ஒரு இரும்பு ஆணி இல்லை. எல்லாம் மூங்கில் ஆணி. கஜலட்சுமி செதுக்கிய பலகைக்குப் பின்னால், யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், இழைத்து வழவழப்பாக்கியிருந்தார்கள். அப்பா அந்தப் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். சாயங்காலம் லாரி வந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இப்படி எத்தனையோ தூண்களும் கதவுகளும் விலைக்கு நிற்கின்றன. பொருள் எங்கோ ஒரு ஹோட்டலில் பிழைத்துக்கொள்ளும். அதைச் செய்யும் முறையை எந்த லாரியிலும் ஏற்ற முடியாது.

2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. சந்தோஷம். ஆனால் பட்டியல் உளி பிடிக்கக் கற்றுத்தராது. அதைப் படம் பிடித்து வைக்கும் வேலை உங்களால் முடியும். தூர்தர்ஷனில் 'வயலும் வாழ்வும்' பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாற்றையும் உரத்தையும் பூச்சியையும் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்து பேசினார்கள். விவசாயிக்குக் கிடைத்த அந்த அரை மணி நேரம் தச்சருக்கும் வேண்டும்.

வாரம் ஒரு பொருள் போதும். பெட்டகம், ஊஞ்சல் பலகை, ஜன்னல், அஞ்சறைப்பெட்டி. முதலில் வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதிக்குள், இருக்கும் அசலைக் காட்டுங்கள், கவிழ்த்துக் காட்டுங்கள். பிறகு பட்டறைக்கு வாருங்கள். பேசுவது தச்சராகவே இருக்கட்டும், அவர் பேச்சிலேயே. நாங்கள் அங்குலத்துக்கு எட்டு நூல் என்று கணக்கு வைப்பவர்கள். "ரெண்டு நூல் குறை" என்று அவர் சொன்னால் அதை மில்லிமீட்டராக மாற்றாதீர்கள். அவர் பெயரைத் திரையில் போடுங்கள். உளி தீட்டுவதை வெட்டிவிடாதீர்கள். பார்க்கிறவர்களுக்கு அலுக்கும் என்று நினைப்பீர்கள், தெரியும். வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. தப்பாகப் போன அறுப்பையும் அதைச் சரிசெய்த விதத்தையும் அப்படியே விடுங்கள். கற்றுக்கொள்கிற பையனுக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.

எங்கள் பட்டறையில் கேமரா வைக்கக் கிழக்குப் பக்கம் இடம் ஒழித்துத் தருகிறோம். மரம் எங்கள் செலவு. வருவதானால் காலையில் வாருங்கள். பதினோரு மணிக்கு மேல் அப்பா இப்போது உளி எடுப்பதில்லை, கண் கூசுகிறது என்கிறார்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஒரு தச்சர்