கவர்னராகப் போகலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் ஊர்க் கல்லூரியில் கவர்னர் பதவிக்கு, அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர் பதவிக்கு, விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், போகலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். போ. ஆனால் மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தும் பதவி என்று நினைத்துக்கொண்டு போகாதே. நம் சங்கத்துக்காரர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். விஷயம் காதில் விழுந்தால் பாராட்டு விழாவுக்கு ஹாலே எடுத்துவிடுவார்கள்.

பதினாறு வயதைத் தாண்டியவர்களுக்கும் வளர்ந்தவர்களுக்கும் தொழிலும் பாடமும் சொல்லித்தரும் இந்தக் கல்லூரிகள் இங்கிலாந்தில் 1993 ஏப்ரல் வரை உள்ளூராட்சியின் கையில் இருந்தன. 1992இல் வந்த சட்டம் அவற்றைத் தனி நிறுவனங்களாக்கிவிட்டது. அன்றிலிருந்து கட்டடம், ஊழியர், கடன் எல்லாவற்றுக்கும் கவர்னர் குழுதான் பொறுப்பு. சட்டத்தின் கண்ணில் கல்லூரி ஒரு அறக்கட்டளை, நீ அதன் அறங்காவலர். சம்பளம் கிடையாது, பயணச் செலவு கேட்கலாம். பெரும்பாலும் நான்கு ஆண்டு ஒரு தவணை. கூட்டத்துக்குப் போக வேலையில் நேரம் கேட்கும் உரிமை 1996 வேலை உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உன் மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவிடு.

நீ கணக்காளர் என்பதால் உன்னை நேரே ஆடிட் கமிட்டியில், அதாவது தணிக்கைக் குழுவில், போடப் பார்ப்பார்கள். நல்ல இடம். போர்டின், அதாவது கவர்னர் குழுவின், தலைவரும் பிரின்சிபாலும் அதில் உறுப்பினராக இருக்கக்கூடாது என்பது விதி, அதனால் ஆடிட்டரோடு மனம்விட்டுப் பேசலாம்.

ஆனால் கம்பெனிக் கணக்கு பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கல்லூரிக் கணக்கு முதலில் விசித்திரமாகத் தெரியும். 16 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு வரும் அரசுப் பணம் போன ஆண்டின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுவது. இந்த செப்டம்பரில் எதிர்பார்த்ததைவிட இருநூறு பிள்ளைகள் கூட வந்தால் ஆசிரியரும் வகுப்பறையும் இப்போதே வேண்டும், பணமோ பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான். வாசல் நிறையக் கூட்டம், கையில் காசில்லை. சரி, வங்கியில் வாங்கலாமே என்பாய். 2022 நவம்பரில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் கல்லூரிகளைப் பொதுத்துறைக்குள் சேர்த்துவிட்டது. அதற்குப் பிறகு வங்கிக் கடனுக்குக் கல்வித் துறையின் ஒப்புதல் வேண்டும். போதாததற்கு, அரசிடமிருந்து நேரே பணம் பெற்றுத் தனியாக இயங்கும் அகாடமிப் பள்ளிகள் திரும்பப் பெறுகிற வாட் வரியைக் கல்லூரிகள் திரும்பப் பெற முடியாது. அதே வயதுப் பிள்ளை, அதே பாடம். இந்த அநியாயத்தைப் பேசத் தொடங்கினால் எனக்கு வாய் ஓயாது, விடு.

அதனால் மாதக் கணக்கு வந்ததும் உபரி எவ்வளவு என்று தேடாதே. கையிருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும், ஆண்டில் எந்த மாதம் அது அடிமட்டத்துக்குப் போகிறது என்று பார். கல்லூரியும் திவாலாகலாம் என்ற சட்டம் 2019 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு மே மாதம் கென்ட் பகுதியின் ஹாட்லோ கல்லூரி முதலாவதாக அந்த நிலைக்குப் போனது. நிலைமை தெரிந்தும் கைகட்டி உட்கார்ந்திருந்த கவர்னர்மீது தனிப்பட்ட முறையில் நடவடிக்கை எடுக்கவும் வழியுண்டு. பயமுறுத்தவில்லை, முன்கூட்டியே அனுப்பும் கட்டுக் காகிதத்தைப் படிக்காமல் கூட்டத்துக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்ச் சொல்கிறேன்.

கணக்கு இவ்வளவு போதும். உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது.

பள்ளி இறுதியில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ தேர்ச்சி மதிப்பான 4 வாங்காத பிள்ளைகள் கல்லூரிக்கு வந்த பிறகும் அந்தப் பாடத்தைப் படித்தே ஆகவேண்டும், இல்லையென்றால் கல்லூரிக்கு வரும் பணம் குறையலாம். மறுபடி எழுதுகிறவர்களில் கணிதத்தில் தேறுவது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நான் கவர்னராக இருக்கும் எங்கள் போர்டில் இதைப் பற்றிய அறிக்கை வரும்போதெல்லாம் வகுப்புக்கு வராமைக்குக் காரணம் 'மாணவர்களிடம் ஆர்வமின்மை' என்று எழுதியிருக்கும். நாங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவோம். ஒரு கூட்டத்தில் மாணவர்கள் சார்பில் கவர்னராக இருந்த பையன், பிளம்பிங் படிக்கிறவன், கை தூக்கினான். "கணக்கு வகுப்பை வெள்ளிக்கிழமை மத்தியானம் வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு எங்களுக்கு வேறு வகுப்பே கிடையாது. அந்த ஒன்றுக்காக இரண்டு பஸ் மாறி யார் வருவார்கள்?" என்றான். துணை பிரின்சிபால் மடிக்கணினியைத் திறந்து கால அட்டவணையைப் பார்த்தார். அவன் சொன்னது சரி. வகுப்பை மாற்றினார்கள், வருகை கூடியது. தேர்ச்சி அவ்வளவாகக் கூடவில்லை, அது வேறு கதை. ஆனால் அத்தனை கணக்காளர்களும் வக்கீல்களும் இருந்த மேசையில் அந்தக் கேள்வி வேறு யாருக்கும் தோன்றவில்லை.

அதற்காக நீயே போய் அட்டவணை போடக் கிளம்பிவிடாதே. கல்லூரியை நடத்துவது பிரின்சிபாலின் வேலை. கேட்பது, கிடைத்த பதில் போதாவிட்டால் மறுபடி கேட்பது, திருப்தி இல்லையென்றால் அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்வது உன் வேலை. போர்டின் செயலாளரைக் கிளார்க் என்பார்கள், அந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதே. சட்டமும் விதியும் விரல்நுனியில் இருப்பது அவரிடம்தான், அவரைத் துணைக்கு வைத்துக்கொள்.

அப்புறம் போன் வரும். 'மகனுக்கு எலெக்ட்ரிக்கல் கோர்ஸில் இடம் இல்லையாம், நீ ஒரு வார்த்தை சொன்னால்...' என்று ஏதாவது ஒரு மாமா இழுப்பார். சேர்க்கைப் பிரிவின் எண்ணைக் கொடுத்து, நலம் விசாரித்து, வைத்துவிடு. நீ நம் சமூகத்தின் பிரதிநிதியாக அங்கே உட்காரவில்லை. கல்லூரிக்காக உட்கார்ந்திருக்கிறாய்.

ஆனால் நம் வீட்டில் தெரிந்துகொண்டதை வாசலில் கழற்றி வைக்கவும் வேண்டாம். இங்கே வந்து இறங்கிய நம் பெற்றோர் தலைமுறையில் எத்தனை பேர் இப்படியொரு கல்லூரியின் மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்றார்கள்! பிள்ளைகள் என்று வந்ததும் தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் ஸ்கூல், பல்கலைக்கழகத்துக்கு வழியான ஏ லெவல். கல்லூரிக்குப் போகிற பிள்ளையைப் பற்றி உறவினர் வீட்டில் குரல் தாழ்த்திப் பேசுகிறோம். போர்டிலும் வளர்ந்தவர்களுக்கான ஈசோல், அதாவது வேற்று மொழிக்காரர்களுக்கான ஆங்கில வகுப்பு ஒரு வரியில் வந்து போகும். காத்திருப்போர் பட்டியலில் எத்தனை பேர், எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார்கள், குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவார்கள் என்று நீ கேள்.

விண்ணப்பம் அனுப்பும் முன் கல்லூரியின் இணையதளத்தில் தணிக்கையான கணக்கையும் போர்ட் கூட்டக் குறிப்புகளையும் படித்துவிடு. இரண்டும் அங்கே இருக்கும். கல்வி நிறுவனங்களைச் சோதிக்கும் ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கையை அதற்குப் பிறகு படி. பிறகு கிளார்க்கை அழைத்து, அண்மையில் எத்தனை கவர்னர்கள் தவணை முடியும் முன்னே விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்று கேள். பதில் சுற்றி வளைத்து வந்தால், படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அண்ணன்