நள்ளிரவுக்குப் பிறகும் ரயில் வேண்டும்

ஆசிரியருக்கு,

பாங்காக்கின் இரவு வாழ்க்கை பற்றிய தங்கள் செய்திக் கட்டுரையைப் படித்தேன். உரிமம் பெற்ற கேளிக்கை விடுதிகள் அதிகாலை 4 மணி வரை இயங்க 2023 டிசம்பரில் அனுமதி தந்தார்கள். சரி, ஆனால் நகருக்குள் மேம்பாலத்தில் ஓடும் பிடிஎஸ் வான்ரயில் நள்ளிரவோடு நின்றுவிடுகிறதே! வெளியூர்ப் பயணிக்கு விடுதிக்குள் இருப்பதைவிட, வெளியே வந்து வண்டி தேடும் நேரம்தான் ஆபத்தானது. சுகும்வித் சாலையில் ஓர் இரவு, மீட்டரைத் துண்டால் மூடிக்கொண்டு 400 பாட் கேட்டார் டாக்சி ஓட்டுநர். தங்கையோடு நடுத்தெருவில் நின்ற எனக்குப் பேரம் பேசவும் துணிவில்லை, ஏறிவிட்டோம்.

வெள்ளி, சனி இரவுகளிலாவது வான்ரயிலைக் கூடுதல் நேரம் ஓட்ட வேண்டும். அதுவரை, சுற்றுலாக் காவல்துறையின் 1155 என்ற எண்ணை விடுதி வாசல்களிலும் டாக்சிக் கதவுகளின் உட்புறத்திலும் பெரிதாக எழுதிவைக்கலாம்.

– ஒரு வாசகி