மாட்டு வண்டி போன தடம்

ஒமாஹா, அமெரிக்கா

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கடைசி ஜோடி மாட்டையும் விற்றுவிட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் என்ன பதில் எழுதுவதென்று ஓடவில்லை. இப்போது தீனி விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாதுதான். ஆனாலும் உங்கள் தொழுவம் காலியாகக் கிடக்கிறது என்றால் ஒரு மாதிரி இருக்கிறது.

போன வாரம் குடும்பத்தோடு வயோமிங் மாநிலம் வரை போய்வந்தோம். வழி முழுக்க உன் நினைப்புதான். அங்கே கர்ன்சி என்று ஒரு சின்ன ஊர். பக்கத்தில் மணற்பாறை மேடு, அதன் மேல் வண்டித்தடம். மண்ணில் இல்லை, பாறையிலேயே! ஆழமான இடத்தில் இறங்கி நின்றேன், கரை மார்பு வரை வந்தது. 1840களிலிருந்து மேற்கே ஒரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்தவர்களின் வண்டிகள் தேய்த்துத் தேய்த்து உண்டான தடம். பையன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டான். எனக்குத்தான் கால் நகரவில்லை.

டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து எத்தனை கௌபாய் படம் பார்த்திருப்போம்! எல்லாவற்றிலும் குதிரைதான். ஆனால் இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றை இழுத்தது மாடுடா. குதிரைக்குத் தானியம் வேண்டும், விலையும் அதிகம். மாடு வழியில் கிடைத்த புல்லைத் தின்றுவிட்டு இழுக்கும். மிசௌரியில் இண்டிபென்டன்ஸ் என்ற ஊரிலிருந்து ஒரிகனுக்குச் சுமார் 3,200 கிலோமீட்டர். நாளைக்கு 25 கிலோமீட்டர் போனாலே பெரிது. சீக்கிரம் கிளம்பினால் வழியில் புல் இருக்காது, தாமதித்தால் மலையில் பனி பிடித்துக்கொள்ளும். அதனால் மாட்டுக்குப் புல் முளைக்கிற ஏப்ரல், மே மாதம்தான் அவர்களுக்கு நல்ல நாள். போய்ச் சேர ஐந்து மாதம் போல ஆகும்.

வண்டிப் பெட்டி பத்தடி நீளம், நாலடி அகலம், அவ்வளவுதான். ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி, 10 பவுண்டு காபி என்று அந்தக் காலத்து வழிகாட்டிப் புத்தகம் ஒன்று கணக்குச் சொல்கிறது. இதையெல்லாம் ஏற்றினால் மனுஷனுக்கு இடமேது? கர்ப்பிணியும் குழந்தையும்கூடப் பெரும்பாலும் நடைதான். காலையில் கறந்த பாலை ஒரு வாளியில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டால், அது குலுங்குகிற குலுக்கலில் சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்குமாம்.

உனக்குத்தான் புரியும் என்று ஒன்று சொல்கிறேன். அந்த வறட்டுக் காற்றில் சக்கரத்து மரம் சுருங்கி இரும்புப் பட்டா கழன்றுவிடும். ராத்திரி சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறப்போடுவார்கள். லாடம் அடிப்பதும் பெரும்பாடுதான். மாடு மூன்று காலில் நிற்காதே! குழி வெட்டி அதில் மல்லாக்கப் புரட்டி அடிப்பார்களாம். அடுப்புக்கோ, அந்தச் சமவெளியில் விறகு கிடையாது. காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடக்கும், பெண்கள் அதைப் பொறுக்கி ஏப்ரனில் அள்ளிவருவார்கள். ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்களும் கொஞ்ச நாளில் பழகிவிட்டார்கள். தட்டாமலே கிடைத்த வறட்டி!

சாவும் நிறைய. படத்தில் காட்டுகிற மாதிரி அம்பு பட்டு இறந்தவர்கள் குறைவு, காலராவில் போனவர்கள்தான் அதிகம். 1849 முதல் நாலைந்து வருஷம் அது ஆட்டிவைத்தது. ஆற்றைக் கடக்கும்போது மூழ்கியவர்கள், ஓடுகிற வண்டியிலிருந்து தவறிச் சக்கரத்தில் சிக்கிய குழந்தைகள் என்று அது தனிக் கணக்கு.

அப்புறம் 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் வந்தது. 18 டாலர் கட்டணம் கட்டி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். நான் இருக்கிற நெப்ராஸ்காவில் அப்படி வந்தவர்களுக்கு வீடு கட்ட மரம்கூட இல்லை. புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக அறுத்து இரண்டடிக்கு மேல் கனமாகச் சுவர் வைத்தார்கள். வெயிலுக்குக் குளுமை, ஆனால் மழை வந்தால், வெளியே மழை விட்ட பிறகும் கூரை ஒழுகிக்கொண்டேயிருக்கும். சிலசமயம் பாம்பும் விழும்.

சும்மா கிடந்த நிலம் என்றா நினைக்கிறாய்? இங்கே பாவ்னி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளம் போட்டு வந்தவர்கள். 1870களில் அவர்களை ஒக்லஹோமாவுக்குப் போகவைத்தார்கள். 160 ஏக்கர் கணக்கு பேசுகிறவர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதே மண்ணில் வீடு வாங்கி வரி கட்டுகிற நானும் இதுவரை யோசித்ததில்லை.

சரி, ஒரு சந்தேகம். அந்த வண்டிக்காரர்கள் மாட்டுக்குக் கடிவாளம் போடவில்லை, மேலே உட்கார்ந்தும் ஓட்டவில்லை. இடப்பக்கம் கூடவே நடந்துகொண்டு "ஜீ" என்றால் வலது, "ஹா" என்றால் இடது. உங்கள் அப்பா களத்துமேட்டில் வண்டியைத் திருப்பும்போது இடத்தை மாட்டுக்கு ஒரு சத்தம், வலத்தை மாட்டுக்கு வேறு சத்தம் கொடுப்பாரே, அது என்ன? காரில் வரும்போது எவ்வளவு யோசித்தும் வாயில் வரவில்லை. ஞாபகம் இருந்தால் மறக்காமல் எழுது.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்