"முதலில் கிளப்பில் சேருங்கள்" என்று ஏன் சொல்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய எம்ஜிபி (MGB) என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு, புதுப்பித்துத் தாருங்கள் என்று எங்கள் கராஜுக்கு வருகிறவர்களிடம், "முதலில் எம்ஜி கார் வைத்திருப்பவர்களின் கிளப் ஒன்றில் சேர்ந்துவிட்டு வாருங்கள்" என்கிறோம். வந்த வேலையைத் தட்டிக்கழிக்கிறோமோ என்று சிலருக்கு வருத்தம். அப்படி இல்லை, உங்கள் பணம் மிச்சமாகட்டும் என்றுதான்.

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் இது. உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 1988இலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. செலவை ஏற்றுவது கைவேலைதான். துருவைச் சுரண்டுவது, குரோமைத் துடைப்பது, சீட் உறை மாற்றுவது இதற்கெல்லாம் எங்கள் கூலியைக் கொடுத்தால் காரின் விலையையே தாண்டிவிடும். 1930இல் தொடங்கிய எம்ஜி கார் கிளப்பிலும் சரி, 1973இல் வந்த எம்ஜி ஓனர்ஸ் கிளப்பிலும் சரி, இதையெல்லாம் தன் காருக்குச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள்.

'சில்' (sill) எனும் பகுதியின் வேலையை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். இந்தக் காருக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்கு அடியில் ஓடும் சில்தான் முதுகெலும்பு. வெளியே ஒரு தகடு, நடுவே ஒன்று, உள்ளே ஒன்று. துருப்பிடித்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து விற்கிறவர்கள் உண்டு. வாங்கப் போகும்போது ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தால் சில் பலமிழந்துவிட்டது என்று பொருள், பேசாமல் திரும்பிவிடுங்கள்.

கூரையில்லாத ரோட்ஸ்டரில் சில்லைச் சும்மா வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். அதனால் கதவு இடத்தின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுவோம். இடையிடையே கதவை மாட்டி இடைவெளி பார்ப்போம். எஸ்டிமேட்டில் பெரிய தொகை இதற்குத்தான்.

எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் விஷயத்தில் எங்களைவிடக் கிளப்காரர்கள் கெட்டிக்காரர்கள். சமீபத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு உதவ வந்த பெரியவர், ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களின் வாயிலும் மாறி மாறி வைத்தே, இரண்டின் 'உஸ்'ஸையும் ஒன்றாக்கினார். அப்புறம் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை மயிரிழை தூக்கச் சொன்னார். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் தடுமாறினால் குறைவு, லேசாக ஏறி அடங்கினால் சரி. எங்கள் மெக்கானிக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

1967 கடைசிக்கு முன் வந்த காரென்றால் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். புது ரேடியோ மாட்டும் முன் கேளுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் பங்க்கில் சாதாரணமாகக் கிடைப்பது ஈ10 பெட்ரோல், அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், மாற்றிவிடுங்கள்.

சில் வேலைக்கு இப்போது பெயர் பதிவு செய்கிறோம். சீட், கார்ப்பெட், கதவின் உள்பலகையைக் கழற்றிவிட்டு, காரை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தால் அந்தக் கூலி மிச்சம். கழற்றிய நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு, எது எங்கே என்று மேலே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கராஜ்