முழங்கால் சில்லுக்குக் கீழே ஒருதரம் தொட்டுப் பாருங்கள்

எலும்பு, மூட்டு மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூரில் பவர் டேபிள் டெய்லர், அதாவது மோட்டார் மிஷினில் தைப்பவன். துணியைத் திருப்பும்போதெல்லாம் மேசைக்கு அடியில் இருக்கும் தட்டை வலது முழங்காலால் தள்ள வேண்டும்; அப்போதுதான் மிஷினின் பாதம் மேலே எழும். அதனால் அந்தக் கால் வலித்தபோது எனக்கே சந்தேகம் வரவில்லை. உங்களில் மூன்று பேரிடம் போனேன். மூவரும் என்ன வேலை என்று கேட்டார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், "தேய்மானம் ஆரம்பம்" என்றார்கள். எனக்கு அப்போது வயது 34. ஒருவர் மூட்டில் ஊசி போட்டார். 2 மாதம் தாங்கியது, அப்புறம் பழைய கதைதான்.

காலை முழுசாக நீட்ட வராது. கடைசியில் ஏதோ இடறும், கதவுக்கு அடியில் கல் சிக்கின மாதிரி. எண்ணெய் தேய்த்துவிட்ட என் மனைவிதான் கண்டுபிடித்தாள்: "என்னங்க இது, சில்லுக்குக் கீழே புளியங்கொட்டையாட்டம் உருளுது?"

நான்காவதாகப் பார்த்த டாக்டரம்மா காலை மடக்கச் சொல்லி, சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நீட்டச் சொன்னார். அலறிவிட்டேன். அரை நிமிஷ வேலை. எம்.ஆர்.ஐ. எழுதும்போது, பழைய ரத்தக் கசிவின் இரும்புக் கறை கறுப்பாகத் தெரியும் படமும் வேண்டும் என்று தனியாகக் குறித்தார். கைக்குத் தட்டுப்பட்டது நுனிதான். உள்ளே, சில்லுக்குக் கீழே மெத்தை மாதிரி இருக்கும் கொழுப்புத் திண்டுக்குள் கிட்டத்தட்ட 3 செ.மீ. கட்டி.

ஹோஃபா என்ற ஜெர்மன் டாக்டர் 1904-லேயே இந்தத் திண்டின் வலியைப் பற்றி எழுதியிருக்கிறாராம். இன்றைக்கும் அவர் பெயரில்தான் அழைக்கிறீர்கள். இதில் கட்டி வருவது அபூர்வம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வந்தாலும் பெரும்பாலும் சாதுவானதுதான்: நீர்க்கட்டி, குருத்தெலும்புக் கட்டி, ரத்தக்குழாய்க் கட்டி, எனக்கு வந்த ஜெயன்ட் செல் கட்டி. ஆனால் எப்போதாவது சைனோவியல் சார்கோமா என்கிற புற்றுநோயும் இதே இடத்தில், இதே மாதிரி சின்ன உருண்டையாக, மெதுவாக வளருமாம். அது என்னவென்று தெரியாமல், சின்னத் துளை போட்டுச் செய்யும் கீஹோல் ஆபரேஷனில் துண்டு துண்டாகச் சுரண்டினால் மூட்டு முழுக்க விதைத்த மாதிரி ஆகிவிடும். கையில் கட்டி தட்டுப்பட்டால் ஊசிக்கும் கத்திக்கும் முன்னால் எம்.ஆர்.ஐ. பாருங்கள் என்று நான் கெஞ்சுவது அதற்காகத்தான். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். என் எக்ஸ்ரேயிலும் கட்டி தெரியவில்லை.

எனக்குச் சின்னதாகக் கீறி, கட்டியை முழுசாகவே எடுத்தார்கள். ஆறாவது வாரம் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். திரும்ப வரலாம் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்ததும், எடுத்த கட்டியை ஃபார்மலின் மருந்தில் போட்ட டப்பாவை என் மச்சான் கையில் கொடுத்து, வெளியில் லேபில் கொடுக்கச் சொன்னார்கள். உள்ளே பனைவெல்லத் துண்டு மாதிரி பழுப்பும் மஞ்சளுமாகக் கிடந்ததாம். "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இதுக்கு வேற எதுக்குக் காசு?" என்று அவன் லேப் வாசலில் நின்று எனக்குப் போன் போட்டான். கட்டி என்னவென்று உறுதியாவது அந்தப் பரிசோதனையில்தான் என்று டாக்டரம்மா முதல்நாளே விளக்கிச் சொல்லியிருந்ததால் கொடுக்கச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த டப்பா எந்தக் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்குமோ. அந்தப் பரிசோதனைக் காசையும் ஆபரேஷன் பில்லிலேயே சேர்த்துவிடுங்கள். டப்பாவை எங்கள் கையில் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வலது முழங்காலில் தழும்புள்ள ஒரு டெய்லர்