அண்ணா நகர்ல ஐஏஎஸ் கோச்சிங் சென்டர் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், மேடம்.

என் பொண்ணு உங்க ஏரியாவுல ஒரு சென்டர்ல ப்ரிலிம்ஸுக்குப் படிக்கிறா. போன மாசம் ஃபீஸ் கட்ட வந்தப்ப ரிசப்ஷன் சுவரு பூரா ரேங்க் வாங்கின பிள்ளைங்க படம், பார்க்கவே சந்தோஷமா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அவ நோட்டைப் புரட்டினா "கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976"னு ஒரே வரி, மேல மஞ்சள் மார்க்கர். எஸ்.ஆர். சங்கரன் யாருன்னு தெரியுமாம்மான்னு கேட்டேன். சிலபஸ்ல இல்லையேப்பான்னா. அதான் எழுதுறேன்.

சங்கரன் 1934ல நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் பொறந்தவரு, ஆந்திரா மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட ஐஏஎஸ் அதிகாரி. கொத்தடிமையோட கடன் செல்லாதுன்னு சட்டம் வந்துருச்சு, ஆனா டெல்லியில போட்ட சட்டம் பண்ணையில மாடு மேய்க்கிறவன் காதுக்கு எப்படிப் போகும்? சமூக நலத்துறை செயலாளரா இருந்து அதைக் கொண்டு போய்ச் சேர்க்கப் பாடுபட்டவரு அவரு. அப்புறம் திரிபுராவுக்கு தலைமைச் செயலாளர். கல்யாணம் பண்ணிக்கல, சம்பளத்துல பெரும்பங்கு தலித் பிள்ளைங்க படிப்புக்கே போச்சு.

1987 டிசம்பர்ல ஆந்திராவோட கிழக்கு கோதாவரி மலைக்காட்டுல நக்சலைட்டுங்க அவரையும் இன்னும் சில அதிகாரிங்களையும் கடத்திட்டாங்க, ஜெயில்ல இருந்த அவங்க ஆளுங்கள விட்ட பிறகுதான் இவங்கள விட்டாங்க. வேற யாரா இருந்தாலும் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுத்திருக்க மாட்டாங்க. இவரு 1992ல டெல்லியில ஊரக வளர்ச்சித்துறை செயலாளரா ரிட்டையர் ஆகி, அதே ஆந்திராவுல அரசாங்கமும் நக்சலைட்டுங்களும் உக்காந்து பேசணும்னு வருஷக்கணக்கா அலைஞ்சாரு, 2004ல பேச்சுவார்த்தையும் நடந்துச்சு. கையால மலம் அள்ளுற கொடுமையை ஒழிக்க இயக்கம் நடத்துற பெஜவாடா வில்சனோட நின்னாரு. 2005ல பத்மபூஷண் குடுத்தாங்க, வேணாம்னுட்டாரு. 2010ல ஹைதராபாத்ல காலமானாரு.

எனக்கு ஒரு பயம் இருக்கு, இதைப் படிச்சிட்டு நீங்க எதிக்ஸ் பேப்பர் ஆன்சர்ல சேர்க்க அவரை ரெண்டு வரி எக்ஸாம்பிளா ஆக்கிடுவீங்களோன்னு. தயவுசெஞ்சு அப்படி வேணாம். ஒரே ஒரு க்ளாஸ், ரெண்டு மணி நேரம், அந்த 1976 சட்டத்தைக் கையில குடுத்து வரி வரியா படிக்க வைங்க. அதுல அதிகாரம் கலெக்டருக்குத்தான் குடுத்திருக்கு. நம்ம ஊர்ல செங்கல் சூளையிலயோ அரிசி ஆலையிலயோ மாட்டிக்கிட்ட குடும்பத்துக்கு விடுதலைச் சான்று எழுதறது கலெக்டருக்குக் கீழ இருக்கிற ஆர்டிஓவும் (வருவாய்க் கோட்டாட்சியர்) சப் கலெக்டரும்தான், உங்ககிட்ட படிச்சுப் போற பிள்ளைங்க முதல்ல உக்காரப் போற சீட்டே அந்த சப் கலெக்டர் சீட்டுதானே. சூளை ஓனரு போன் மேல போன் போடுவாரு, அந்தக் குடும்பம் வாசல்ல நிக்கும், அந்த நேரத்துல என்ன எழுதணும், எவ்வளவு சீக்கிரம் எழுதணும்னு அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணும் சார்.

அந்த க்ளாஸுக்கு தனியா ஃபீஸ் கேட்டாலும் கட்டுறேன். ரிசப்ஷன் சுவத்துல டாப்பர்ஸ் படத்துக்கு நடுவுல அவரு படத்துக்கும் ஒரு இடம் விடுங்க.

இப்படிக்கு,
உங்க ஸ்டூடண்ட் ஒருத்தியோட அப்பா